பிரிஜிட் வரும் இரவு: அயர்லாந்தில் ஒரு பிப்ரவரி

ஜனவரி 30, வியாழன். டப்ளின்

அயர்லாந்தின் பழைய நாள்காட்டியில் பிப்ரவரி 1 வசந்தத்தின் முதல் நாள். வானிலைத் துறையைக் கேட்டால் பிப்ரவரி முழுக்கக் குளிர்காலம் என்பார்கள். இன்று மதியம் வந்து இறங்கியபோது வானிலைத் துறையின் கணக்குதான் சரியென்று பட்டது. மரங்களில் இலை இல்லை, காற்றெல்லாம் ஈரம், ஐந்து மணிக்கே இருட்டு. ஆனால் நாளை மாலை தொடங்கப்போவது பழைய கணக்கின்படி நடக்கும் விழா. அதற்காகத்தான் இந்தக் குளிரில் வந்திருக்கிறேன்.

பழைய ஐரிஷ் ஆண்டுக்கு நான்கு மூலைகள்: நவம்பர் 1 சவின், பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டனே, ஆகஸ்ட் 1 லூனசா. சவினுக்கு முந்தைய இரவுதான் உலகம் முழுக்கப் போன ஹாலோவீன். மே மாதம் குன்றுகளில் தீ மூட்டினார்கள். ஆகஸ்டில் மலை ஏறினார்கள், சந்தை கூடியது. இம்போல்க் மட்டும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அடுப்படி, வாசற்படி, மாட்டுத் தொழுவம் இவைதான் அதன் இடங்கள். வெளியூர்க்காரர்கள் இதை அதிகம் கண்டுகொள்ளாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

காலம் இதற்கு ஏன் பொருந்துகிறது என்பது எளிய விஷயம். பனிக்கால நடுவுக்கும் வசந்த சமநாளுக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் வரும் நாள் இது. செம்மறி ஆடுகளுக்குச் சினைமடி இறங்கும் நேரம். பல மாதங்களாகப் புதுப்பால் இல்லாத வீட்டுக்கு முதல் பால் வரப்போகிறது. ஆடு கறக்கும் பருவத்தை இம்போல்க்கோடு சேர்த்துச் சொல்லும் பழைய ஐரிஷ் கதையே இருக்கிறது.

இந்த நாளுக்கு உரியவள் பிரிஜிட். கி.பி. 900 வாக்கில் தொகுக்கப்பட்ட ஒரு பழைய சொற்களஞ்சியம், பிரிஜிட் என்பவள் தாக்டா என்ற தெய்வத்தின் மகள், புலவர்கள் வணங்கும் தேவி என்கிறது. அதே பெயரில் அவளுக்கு இரண்டு சகோதரிகளாம். ஒருத்தி மருத்துவத்துக்கு, இன்னொருத்தி கொல்லுப்பட்டறைக்கு. இன்னொரு பக்கம், 5ஆம் நூற்றாண்டில் பிறந்து கில்டேரில் மடம் கட்டியவர் என்று திருச்சபை சொல்லும் புனித பிரிஜிட் இருக்கிறார். அவருடைய திருநாளும் பிப்ரவரி 1தான். பழைய தேவிக்குத்தான் கன்னியாஸ்திரி உடை போட்டார்கள் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் அவ்வளவு வேகமாக ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு இந்த இரண்டு பேரையும்விட மூன்றாவது பிரிஜிட் மேல்தான் ஆசை. ஜனவரி 31 இரவு வெள்ளைப் பசு ஒன்றைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வருபவள் அவள். நாளைக்கு அவளைத்தான் தேடப் போகிறேன்.

ஜனவரி 31, வெள்ளி. கில்டேர்

டப்ளின் ஹூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் கில்டேர். சின்ன ஊர். நடுவில் சந்தைச் சதுக்கம், அதை ஒட்டிப் பேராலயம், பக்கத்தில் 30 மீட்டருக்கும் மேல் உயரமான வட்டக் கோபுரம். ஊர்ப் பெயருக்கு ஓக் மரத் தேவாலயம் என்று பொருள்.

பேராலய வளாகத்துக்குள் புல்தரையோடு புல்தரையாக ஒரு கல் அடித்தளம் இருக்கிறது. தீக்கோயில் என்று காட்டுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட், அணையாத தீ ஒன்றைப் பற்றி எழுதி வைத்தார். பிரிஜிட்டோடு சேர்த்து இருபது பேர் அதைக் காத்தார்களாம். அவர் இறந்தபின் பத்தொன்பது கன்னியாஸ்திரிகள் முறைவைத்து ஆளுக்கொரு இரவு பார்த்துக்கொண்டார்கள். இருபதாவது இரவு விறகை மட்டும் அருகில் வைத்துவிட்டு, இது உன் முறை, உன் தீயை நீ பார்த்துக்கொள் என்று பிரிஜிட்டிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் விறகு எரிந்திருக்கும், தீயும் இருக்கும். எவ்வளவு எரிந்தாலும் சாம்பல் சேராது. சுற்றிலும் வேலி, ஆண்கள் தாண்டக்கூடாது. தாண்டித் தீயை ஊதிய வில்வீரன் ஒருவனுக்குப் புத்தி பேதலித்தது என்றும் ஜெரால்ட் எழுதுகிறார்.

படிக்க மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிஜிட்டின் வாழ்க்கையை 7ஆம் நூற்றாண்டில், அதாவது ஜெரால்டுக்கு ஐந்நூறு ஆண்டு முன்னால், எழுதிய கோகிடோசஸ் என்ற துறவி கில்டேர் தேவாலயத்தை நுணுக்கமாக வர்ணிக்கிறார். திரைச்சீலைகள், நடுச்சுவர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல் எல்லாம் வருகிறது. அணையாத தீ மட்டும் வரவில்லை. ஆகவே தேவி காலத்துத் தீ தொடர்ந்து எரிந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தோடு மடமும் போயிற்று, தீயும் போயிற்று. 1993-இல் பிரிஜிடைன் சபைச் சகோதரிகள் சந்தைச் சதுக்கத்தில் மறுபடி ஏற்றினார்கள். 2006-இல் அதே சதுக்கத்தில் நிரந்தரச் சுடர் ஒன்றை அன்றைய குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் ஏற்றிவைத்தார்.

சகோதரிகள் தொடங்கிய சோலஸ் பிரீட மையத்தில் மதியம் பிரிஜிட் சிலுவை பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மேசை நடுவில் ஈரம் சொட்டும் ரஷ் புல் கட்டு. பத்தமடைப் பாய்க்கான கோரை போலத்தான் இருக்கிறது, ஆனால் உருண்டை. நகத்தால் கீறினால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளைச் சோறு. அந்தச் சோற்றை உரித்துக் கொழுப்பில் தோய்த்துத்தான் ஒரு காலத்தில் ஏழை வீடுகளில் விளக்கு எரித்தார்கள். ஒரு தண்டை நேராகப் பிடித்து, இரண்டாவதை அதன் நடுவில் மடித்துப் போட வேண்டும். கால் திருப்பு திருப்பி, மூன்றாவதை இரண்டாவதன் மேல் மடிக்க வேண்டும். மறுபடி கால் திருப்பு. இப்படியே போனால் நடுவில் ஒரு சதுரம் நெசவு மாதிரி வளர்கிறது. நான்கு கைகளும் சுழலுகிற தோற்றத்தில் நீளுகின்றன. கட்டைவிரலால் நடுச் சதுரத்தை இறுக்கிப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நுனிகளைக் கட்டி வெட்டிவிட்டால் சிலுவை தயார். அயர்லாந்துத் தொலைக்காட்சி 1961 கடைசி நாளில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது வைத்துக்கொண்ட சின்னம் இதுவே. மூன்று கை வைத்ததும் உண்டு. அது மாட்டுத் தொழுவத்துக்கு.

புல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமாம், அரிவாள் வைக்கக்கூடாது. ஏன் என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்த அம்மா, "எங்கள் வீட்டில் அப்படித்தான்" என்றார். அதற்குமேல் விளக்கம் தரவில்லை. எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

இரவு தங்கல் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீடு. பாட்டி வடக்கே டோனிகலில் பிறந்தவர், கல்யாணமாகி இங்கே வந்தவர். வடபகுதி வழக்கத்தை அவர் இன்றுவரை விடவில்லை. ஏழு மணி வாக்கில் பேத்தி, பத்துப் பதினொன்று வயதிருக்கும், கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கையில் துணி மூடிய ரஷ் கட்டு. வீட்டைச் சுற்றிவந்து பின்வாசலில் நின்று கதவைத் தட்டினாள். ஐரிஷ் மொழியில் உரக்க ஒரு வாக்கியம்: முழந்தாளிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள். உள்ளே நாங்கள் எல்லாரும் சமையலறைத் தரையில் முழந்தாளிட்டிருந்தோம். அந்தச் சீமாட்டிக்கு நல்வரவு என்று பாட்டி பதில் சொன்னார். மூன்று முறை இப்படி. மூன்றாவது முறை கதவு திறந்தது. குளிர்காற்றோடு சிறுமி உள்ளே வந்து அந்தப் புல்கட்டை மேசைக்கு அடியில் வைத்தாள். அவள் உள்ளே வந்தபோது பாட்டி தலை குனிந்து வணங்கினார். பேத்தியைப் பார்த்து அல்ல என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதன்பின் சாப்பாடு. வெங்காயத்தாள் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, நடுவில் குழி பறித்து அதில் உருகும் வெண்ணெய். குளிர்காலச் சேமிப்பு குறைந்துபோயிருந்தாலும் இந்த இரவு வெண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்பது விதி. ரொட்டித் துண்டு ஒன்று ஜன்னல் திட்டுக்குப் போயிற்று. அது பிரிஜிட்டுக்கு. ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றையும் வைப்பார்களாம், அது அவள் கூட்டிவரும் பசுவுக்கு. இந்தப் பண்ணையில் இப்போது ஓட்ஸ் விதைப்பதில்லை. ஆகவே ஒரு கைப்பிடி காய்ந்த புல் வைத்தார் மகன்.

கடைசியாகத் துணி. பிராட் பிரீட என்பார்கள், பிரிஜிட்டின் மேலாடை. வெளியே புதரின் மேலோ ஜன்னல் விளிம்பிலோ போட்டுவைத்தால் அவள் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போவாள். வருஷம் முழுக்க அது மருந்து. தலைவலிக்குக் கட்டுவது, பிரசவத்துக்குப் போர்த்துவது, பசு கன்று ஈனத் திணறும்போது முதுகில் போடுவது. பாட்டியுடையது நீல நிற லினன், ஓரமெல்லாம் நூல் பிரிந்தது. ஒவ்வொரு வருஷமும் அதையேதான் போடுகிறாராம். எனக்கும் ஒரு துணி தந்தார்கள், போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 1, சனி. கில்டேர், பிறகு கில்லார்க்லின்

துணி விறைத்துப்போயிருந்தது. உறைபனி மடிப்புகளில் உப்பு பூத்த மாதிரி படிந்திருந்தது. பாட்டி தன்னுடையதைக் கையால் சாண் போட்டு அளந்தார். நீளம் கூடியிருந்தால் அந்த வருஷம் நல்லது, ஆயுசு கெட்டி. அளந்து முடித்து மடித்து அலமாரியில் வைத்தார். கூடியதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து நடை தூரத்தில் டல்லி என்ற இடத்தில் பிரிஜிட்டின் ஊற்று. சின்ன ஓடை, அதன் வரிசையில் நட்ட கற்கள், ஒவ்வொன்றிடமும் நின்று ஜெபம். மரக்கிளைகள் தெரியாத அளவுக்குத் துணித் துண்டுகள் கட்டியிருக்கிறார்கள். நோயுள்ள இடத்தில் தடவிய துணியைக் கட்டினால், அது மக்கிப்போகப் போக நோயும் போகும் என்பது நம்பிக்கை. ஆகவே மக்காத நைலானும் பிளாஸ்டிக்கும் கட்டுவது காரியத்தையே கெடுப்பது. நிறையக் கட்டியிருக்கிறார்கள், வருத்தமாக இருந்தது.

ஊற்றடியில் இரண்டு கூட்டம். ஒரு பக்கம் ஜெபமாலை உருட்டுகிறவர்கள், இன்னொரு பக்கம் கைகோத்து வட்டமாக நின்று தேவியைப் பாடி அழைக்கிறவர்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளவில்லை. இரண்டு தரப்பும் தண்ணீர் பிடிக்க ஒரே வரிசையில் நின்றது.

கில்டேரில் ஏறி, மாலோவில் மாறி, கில்லார்னியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கில்லார்க்லின் வந்து சேர இருட்டிவிட்டது. கெர்ரி மாவட்டம், லான் ஆற்றங்கரை. ஆகஸ்ட் மாதம் மலையாடு ஒன்றைப் பிடித்து ராஜாவாக முடிசூட்டும் பக் சந்தை நடப்பது இதே ஊரில்தான். அது இன்னொரு கட்டுரைக்கு. இன்று பிடிகளின் இரவு.

பிடி என்பது பிரிஜிட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். பிரிஜிட்டின் உருவமாக ஒரு பொம்மை செய்து, வேஷம் கட்டிய கூட்டம் அதை வீடு வீடாக எடுத்துப்போகும். முன்பு டர்னிப்பில் முகம் செதுக்கி, கட்டையில் வைக்கோல் சுற்றிச் செய்தார்கள். மத்திய கெர்ரியில் இந்த வழக்கம் முழுசாகச் சாகவே இல்லை. இப்போது இளைஞர்கள் அதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், தீப்பந்த ஊர்வலத்தோடு.

மேல்தெருவில் நின்று பார்த்தேன். முதலில் மேளம், பிறகு அக்கார்டியன், பிறகு தொப்பிகள். வைக்கோலில் பின்னிய கூம்புத் தொப்பி, சில இரண்டடி உயரம். முகத்தை மறைத்து நெஞ்சுவரை தொங்குகிறவையும் உண்டு. வெள்ளைச் சட்டை, குறுக்கே நிறநிறமாய்ப் பட்டைகள். ஆள் யார், ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது. அதுதான் முறை. கூட்டத்துக்கு ஒரு கேப்டன். ஒரு மதுக்கடைக்குள் அவர்கள் நுழைந்தபோது நானும் பின்னால் நுழைந்தேன். மேசைகள் ஓரம் போயின. எட்டுப் பேர் ஜோடி கட்டிச் செட் நடனம் ஆட, பலகைத் தரை அதிர்ந்தது. தொப்பியிலிருந்து வைக்கோல் துணுக்குகள் பியர்க் குவளைகளில் விழுந்தன. ஒரு முதியவர் தன் குவளையில் விழுந்ததை எடுத்து எறியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிடி வராத வீட்டுக்கு அந்த வருஷம் வரத்து இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிய வீட்டுக்கும் அப்படித்தானாம். முன்பு முட்டையும் வெண்ணெயும் கொடுத்தார்கள், இப்போது பணம், அது நற்காரியத்துக்குப் போகிறது.

பாதிரிமார்கள் பல காலம் இதைத் திட்டினார்கள், குடியும் கூத்தும் என்று. திட்டியும் நிற்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு. கடற்கரை, ரயில்

காலையில் ராஸ்பே கடற்கரை. மழை. வருஷத்தின் பெரிய ஏற்றவற்றம் பிரிஜிட் திருநாளை ஒட்டி வரும் என்பது கரையோர மக்களின் கணக்கு. கடல் வெகுதூரம் உள்வாங்கும்போது கடற்பாசி அள்ளி உருளைக்கிழங்கு வயலுக்கு உரமாகப் போட்டார்கள். கால்வே பக்கம் சில வீடுகளில் உயிருள்ள சிப்பியை வீட்டின் நான்கு மூலையிலும் வைப்பார்களாம், வரும் வருஷம் மீன் கிடைக்க.

இன்று திருச்சபையில் மெழுகுவர்த்தித் திருநாள். வருஷத்துக்கு வேண்டிய மெழுகுவர்த்திகளை இன்று மந்திரிப்பார்கள். வானிலை பார்ப்பதும் இந்த நாட்களில்தான். அயர்லாந்தில் முள்ளெலி வெளியே வந்து திரும்பப் போகாமல் இருந்தால் குளிர் முடிந்தது என்று பொருள். ஸ்காட்லாந்தில் பாம்பு புற்றிலிருந்து வரும் என்று பாட்டு இருக்கிறது. அயர்லாந்தில் பாம்பே கிடையாது, ஆகவே முள்ளெலி. ஜெர்மானியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன இதே மாதிரியான நம்பிக்கைதான் அங்கே கிரவுண்ட்ஹாக் நாள் ஆயிற்று.

ஸ்காட்லாந்துப் பக்கம் கிழவி ஒருத்தியும் உண்டு. கைல்யாக் என்று பெயர், குளிரின் தெய்வம். குளிரை நீட்டிக்க நினைத்தால் விறகு பொறுக்குவதற்காக அந்த நாளை வெயிலாக வைத்துக்கொள்வாள். மழை பெய்தால் அவள் தூங்குகிறாள், குளிர் சீக்கிரம் போய்விடும். இன்று கொட்டிய மழைக்கு அந்தக் கணக்குப்படி நாம் சந்தோஷப்பட வேண்டும்.

டப்ளின் திரும்பும் ரயிலில் இருந்து இதை எழுதுகிறேன். கைப்பேசியில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1937 முதல் 1939 வரை ஏறக்குறைய 50,000 பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொடுத்த வழக்கங்கள், கதைகள், வைத்தியங்கள். 12, 13 வயதுக் கையெழுத்து. 1942-இல் பிரிஜிட் திருநாளுக்கென்றே தனிக் கேள்விப் பட்டியல் ஒன்றை நாடு முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். நாம் இன்று இந்த இரவைப் பற்றி அறிந்ததில் பெரும்பகுதி அந்தப் பதில்களிலிருந்து வருவது.

அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படும் விஷயம் ஒன்று. தேவியா புனிதரா என்ற வழக்கை அந்த வீடுகளில் யாரும் நடத்தவில்லை. அங்கே கேள்வி வேறு: தீவனம் பாதியாவது மிச்சம் இருக்கிறதா, பசு எப்போது ஈனும், பிள்ளைக்குத் தொண்டைக்கட்டு வந்தால் என்ன செய்வது. மடத்துத் தீ அணைந்து நானூறு ஆண்டு ஆன பிறகும் இந்த இரவு பிழைத்திருந்ததென்றால், வெண்ணெய் கடைந்த, தறி ஓட்டிய, தொழுவம் பார்த்த பெண்கள்தான் காரணம். தெற்கே பிப்ரவரி 1 அன்று சக்கரம் சுழலக்கூடாது என்று ஒரு விதி உண்டு. நூற்க மாட்டார்கள், வண்டி பூட்ட மாட்டார்கள். வருஷம் முழுக்க ராட்டையில் உட்கார்ந்த பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய நாளாக இருந்திருக்கும்!

பிப்ரவரி 3, திங்கள். ஃபாகர்ட்

2023 முதல் பிரிஜிட் பெயரில் அரசு விடுமுறை, பெரும்பாலும் பிப்ரவரியின் முதல் திங்கள். பெண் ஒருவர் பெயரில் இந்த நாட்டில் வரும் முதல் அரசு விடுமுறை இது. அதனால் இன்று ரயிலில் குடும்பங்கள். டண்டாக்கில் இறங்கி வாடகைக் கார் பிடித்தேன்.

பிரிஜிட் பிறந்த ஊர் ஃபாகர்ட் என்கிறார்கள். குன்றின் மேல் பழைய கல்லறைத் தோட்டம். 1318-இல் இங்கே நடந்த போரில் இறந்த எட்வர்ட் புரூஸின், அதாவது ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் தம்பியின், கல்லறையும் அங்கேதான் என்று காட்டுகிறார்கள். அதைவிடக் கீழே ஓடையோரத்துக் கற்களில்தான் எனக்கு அதிக நேரம் போயிற்று. ஒவ்வொரு கல்லும் ஓர் உறுப்புக்கு. தலைக்கல், கண்கல், முழங்கால் கல், இடுப்புக் கல். முழங்கால் கல்லில் இரண்டு குழிகள், நூற்றாண்டுகளாக முட்டி போட்டு வழுவழுப்பானவை, மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. எழுபது தாண்டிய ஒருவர் மகன் கையைப் பிடித்து மெதுவாக இறங்கி அதில் முட்டி வைத்தார். மருத்துவமனையில் அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று மகன் சொன்னார். "அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

திரும்பும் வழியில் டண்டாக்கில் ஒரு தேவாலயத்தில் தொண்டை ஆசீர்வாதம். இன்று புனித பிளேஸின் நாள். இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கட்டித் தொண்டையில் வைக்கிறார்கள். நானும் வரிசையில் நின்றேன். மெழுகு சில்லென்று இருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய். தாரா

நவனில் இரவு தங்கி, ஏழு மணிக்குக் கார் சொல்லி வைத்திருந்தேன். தாரா குன்றுக்கு வாசல் கிடையாது, சீட்டு கிடையாது, எந்த நேரமும் ஏறலாம். பழைய அரசர்கள் முடிசூடிய இடம். நான் போனது அரசர்களுக்காக அல்ல. அவர்களைவிட மிக மூத்த பிணையாளிகளின் மேடு என்ற சின்னக் கல்லறைக்கு. 15 மீட்டர் அகலம்தான் இருக்கும், புல் மூடிய மேடு. கி.மு. 3000 வாக்கில் கட்டியது. கிழக்கு பார்த்த வாசல், இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே நான்கு மீட்டர் நீளத்தில் ஒரு குறுகிய வழி. நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் உதிக்கும் சூரியன் அதன் கடைசிவரை எட்டும்.

எட்டு மணிக்கு முப்பது பேர்போலச் சேர்ந்திருந்தோம். கீழ்வானத்தில் மேகம் ஒரு பட்டையாக நின்றது. உதயம் எட்டு பத்துக்கு முன்பே. மேகம் விட எட்டரை ஆகிவிட்டது. வெளிச்சம் வந்தபோது முதலில் வாசலின் இடப்பக்கக் கல் தெரிந்தது. வட்டங்களும் வளையங்களும் செதுக்கிய கல், செதுக்கின் ஒவ்வொரு குழியிலும் நிழல். பிறகு ஒரு மஞ்சள் பட்டை உள்தரையில் நீண்டது. சூரியன் உயர்ந்துவிட்டிருந்ததால் கடைசிக் கல்வரை அது போகவில்லை, பாதி வழியில் நின்றது. ஒவ்வொருவராகக் கம்பியில் முகம் வைத்துப் பார்த்தோம். ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

இதைக் கட்டியவர்கள் கெல்ட் மொழி பேசியவர்கள் அல்ல, அந்த மொழி இத்தீவுக்கு வர இன்னும் வெகுகாலம் இருந்தது. பிரிஜிட் என்ற பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கட்டிப் பல நூற்றாண்டு கழித்தும் மேட்டில் புதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 1950களில் தோண்டியபோது, வெண்கலக் காலத்துப் பையன் ஒருவன், 14, 15 வயது, அம்பரும் ஜெட் கல்லும் கோத்த மாலையோடு கிடைத்தான். இம்போல்க் கொண்டாடிய மக்களுக்கும் இந்தக் கல்லறை மக்களுக்கும் நேரடித் தொடர்ச்சி இருந்ததாக வாதாட நான் வரவில்லை. ஆனால் இவர்களும் மாடு ஆடு வைத்திருந்த விவசாயிகள். குளிர்காலச் சேமிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று எண்ணத் தெரிந்தவர்கள். இந்த வாரத்தின் சூரியனைக் கல்லால் குறித்துவைக்க அவர்களுக்கும் காரணம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

குன்றில் செம்மறிகள் மேய்கின்றன. கூட்டம் கலைந்தபின் வேலியோரம் ஒருவர் தன் ஆடுகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் குட்டி போடத் தொடங்கும் என்றார். தீவனம் பாதி மிச்சமா என்று கேட்டேன். உடனே திரும்பிப் பார்த்தார். "அதை யார் உங்களுக்குச் சொன்னது? என் அப்பா இன்றைக்கும் பிரிஜிட் நாளன்று கொட்டகைக்குப் போய்க் கட்டுகளை எண்ணுவார்" என்றார். இந்த வருஷம் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறதாம். கொட்டகை உத்திரத்தில் பழைய சிலுவைகள் அப்படியே அடுக்காக இருக்கின்றன, எடுக்கக்கூடாது, புதியதை அதன் பக்கத்தில் செருக வேண்டும். குட்டி ஈனும் ஆட்டின் மேல் போட அவர் அம்மா ஒரு துணி வைத்திருந்தார், அது எங்கே போயிற்று என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை என்றார்.

மீத் மாவட்டத்தில் ஆட்டுக்கும் துணி போட்டார்களா என்று நான் இதுவரை படித்ததில்லை, பசுவுக்குத்தான் படித்திருக்கிறேன். விமானம் நாளை மாலைதான். காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1942 பதில்களில் மீத் மாவட்டத்துக் கட்டைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.